காலிக் கூண்டு குடித்த மூன்று நாட்கள்

போன மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க, ஆராய்ச்சி எலிகள் இருக்கும் நம் அனிமல் ஹவுஸ் பக்கம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "அண்ணா, நாப்பது கூண்டு எடை போடுறோம், சரி. அந்தக் காலிக் கூண்டையும் எதுக்குத் தெனம் எடை போடணும்? இல்லாத எலிக்கு எதுக்கு சரக்கு?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாளைக்கே அந்தக் கூண்டை விட்டுவிட்டு, நேற்றைய எண்ணையே நோட்டில் எழுதிவிடுவாரோ என்று சாப்பாடு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு காலத்தில் அப்படி நேற்றைய எண்ணை எழுதியவன் நான்தான்.

நான் எட்டாவதோடு நின்றவன். எண் தெரியும், தமிழ் எழுதுவேன், இங்கிலீஷில் அட்டை படிப்பேன். அதற்கு மேல் படிப்பு கிடையாது. கவலைதான் நிறைய உண்டு. செம்பாக்கத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினால், கேம்ப் ரோடு வருவதற்குள் பூட்டினோமா என்ற நினைப்பு வந்துவிடும். இரண்டு முறை பாதியில் இறங்கித் திரும்பி ஓடியிருக்கிறேன். இரண்டு முறையும் பூட்டித்தான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. ரோடு நெடுக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கும் கடிதம் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது தீபா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, கோவிலம்பாக்கத்திலிருந்து வண்டியில் வருவாள். அவளுடைய வேலைக்கு என்னைப் போட்டார்கள்.

வேலை இதுதான். இரண்டு வகை எலிகள். இரண்டுமே கறுப்பு, பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. மஞ்சள் அட்டை போட்டவை சாதாரண எலிகள். நீல அட்டை எலிகளுக்கு ஒரு மரபணு பிறவியிலேயே கிடையாது. உடம்புக்குள் கிருமி வந்தால் எதிர்த்துச் சண்டைக்குக் கிளம்புகிறதே, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த மரபணு அது. எல்லாக் கூண்டிலும் இரண்டு பாட்டில்: ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சாராயம் கலந்த தண்ணீர். எது வேண்டுமோ அதை எலி குடிக்கலாம். காலை பத்து மணிக்கு நான் பாட்டில்களை எடை போட்டு, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும். பிறகு வலது பாட்டிலை இடதுக்கும் இடது பாட்டிலை வலதுக்கும் மாற்ற வேண்டும், ஒரே பக்கத்தில் குடித்து எலி பழகிவிடாமல் இருக்க.

மாதக்கணக்கில் பார்த்ததில், நீல அட்டை எலிகள் சாராயத்தை அவ்வளவாகச் சீண்டவில்லை. மஞ்சள் அட்டைகள் நன்றாகவே குடித்தன.

"கிருமியோட சண்ட போடுறதுக்கும் குடிக்கிறதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதாண்ணா யாருக்கும் சரியா தெரியல. தெரிஞ்சிருந்தா நான் ஏன் எலி குடிக்கிறத எண்ணிட்டு உக்காந்திருக்கேன்?" என்றாள் தீபா.

ரேக்குக்கு ஒரு காலிக் கூண்டு அப்போதும் உண்டு. பாட்டில் தானாகவே கொஞ்சம் சொட்டும், கொஞ்சம் ஆவியாகும். எலி இல்லாத கூண்டில் எவ்வளவு குறைகிறதோ, அதை மற்ற கூண்டுகளின் கணக்கிலிருந்து கழித்தால்தான் எலி குடித்தது எவ்வளவு என்று தெரியும். கட்டடத்தில் ஏசி பார்க்கும் காதர் பாய் அந்த இல்லாத எலிக்கு 'லீவுல போனவரு' என்று பெயர் வைத்திருந்தார். அறைக்குள் தலையை நீட்டி, "இன்னா மூர்த்தி, லீவுல போனவரு இன்னிக்கி எவ்ளோ குடிச்சாரு?" என்று தினமும் கேட்பார். "கால் கிராம் பாய்," என்பேன். "பாவம், நல்ல மனுசன்," என்று போய்விடுவார்.

வெளியில் என் பாடு வேறு. கையிலும் சட்டையிலும் எப்போதும் லேசாக வாடை இருக்கும். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காரும் அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். மைத்துனன் வீட்டுக்கு வந்தால், "இன்னா மாமா, எலிக்கெல்லாம் ஊத்திக் குடுக்குற, எனக்கு ஒரு கிளாஸ் கெடையாதா?" என்பான். என் மனைவி சுமதி, "இந்த வேலய வெளில சொல்லிக்கினு திரியாதய்யா, பொண்ணுக்கு வரன் பாக்கணும்," என்று கும்பிடுவாள்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவரை, ஸ்டோரில் ஸ்பிரிட் குறைகிறது என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள். அவர் குடித்தாரா, மூடி சரியில்லாமல் ஆவியாகப் போனதா என்று யாரும் பார்க்கவில்லை. அவர் கையில் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய கொக்கியில்தான் என் பையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சுவரை ஒட்டிய ரேக்கில், நீல அட்டைகளோடு இருந்த காலிக் கூண்டின் சாராய பாட்டிலைத் தராசில் வைத்தேன். இரண்டு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதே எண். கூண்டுக்குள் கைவிட்டு, அடியில் பரப்பியிருந்த உமியைத் தொட்டுப் பார்த்தேன். ஏசிக் காற்றில் காய்ந்து கிடந்தது. சொட்டியிருந்தால் ஈரம் இருக்க வேண்டுமே?

இல்லாத எலி சாராயம் குடித்திருக்கிறது. அறைச் சாவி என்னிடம். யார் குடித்ததாகச் சொல்வார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. "லீவுல போனவரு இன்னிக்கி எவ்ளோ குடிச்சாரு?"

"கால் கிராம் பாய்," என்றேன். வாயால் சொன்னதையே நோட்டிலும் எழுதினேன்.

ஆனால் எனக்கு எதையும் முழுதாக விட்டுவிடத் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் அன்று கிழித்த தாளின் பின்னால் உண்மையான எண்ணை எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். புதன்கிழமையும் அப்படியே குறைந்தது, வியாழக்கிழமையும். நோட்டில் மூன்று கால் கிராம், பைக்குள் மூன்று காலண்டர் தாள்.

வியாழன் மதியம் தீபா நோட்டைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். நீல அட்டை எலிகள் மூன்று நாளாக மஞ்சள் அட்டைகளுக்குச் சமமாகக் குடிக்கின்றன என்று எண்கள் சொல்லின. மாதக்கணக்கில் இருந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. அவள் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடத்தை அழைத்து வந்தாள்.

மேடம் சத்தம் போடுபவர் இல்லை. அதுதான் இன்னும் பயம். "போன வாரம் கூண்டு மாத்தினது எப்போ?" என்று கேட்டார்.

"சனிக்கெழம மேடம். நான்தான். தனியா."

கூண்டு மாற்றும் நாளில் அட்டைகளைக் கழற்றி மேசையில் அடுக்கிவிட்டு, எலிகளைக் கழுவிய கூண்டுக்கு மாற்றி, பிறகு அட்டைகளை மாட்டுவது அப்போது எங்கள் வழக்கம். எலிகள் பழகட்டும் என்று ஞாயிறும் திங்களும் குடித்த அளவை எடுக்க மாட்டோம்; திங்கள் காலை புதிதாக நிரப்பி வைக்கும் பாட்டில்களுக்குச் செவ்வாய்தான் முதல் கணக்கு. அந்தச் சனிக்கிழமை நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பத்து நிமிடம். வெளிச்சம் வந்தபோது என் முன்னால் இரண்டு தள்ளுவண்டிகள் நின்றன. ஒன்றில் நீல அட்டைக்குரிய எலிகள். இன்னொன்றில் ஆராய்ச்சியில் சேராத மிச்ச எலிகள், எல்லாம் சாதாரண வகை. காதில் போட்ட துளை எண்களும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றே. சரியான வண்டிக்குத்தான் நீல அட்டையை மாட்டினேன் என்று அன்று எனக்குத் தெரியும். ஆனால் மேடம் கேட்டவுடன் கேம்ப் ரோட்டில் பூட்டு ஞாபகம் வருவது போல ஆகிவிட்டது.

"மூர்த்தி, மாறலன்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

"மாறல மேடம். ஆனா… கரண்ட் போச்சு."

"அப்போ நிச்சயம் இல்ல." மேடம் தீபாவிடம் திரும்பினார். "பாட்டில் ஒழுகுதான்னு பாத்தியா? காலிக் கூண்டு என்ன சொல்லுது?"

தீபா என் கையெழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். "வழக்கம்போலதான் மேடம். கால் கிராம், கால் கிராம், கால் கிராம். ஒழுகல."

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் காலண்டர் தாள்கள். பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த இடத்தை நினைத்தால் காது சூடாகிறது.

மேடம் முடிவைச் சொன்னார். எது எந்த எலி என்று தெரியாத கூட்டத்தை வைத்துக்கொள்ள முடியாது. வாலில் துளி எடுத்து மரபணுச் சோதனைக்கு வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கலாம். பதில் வருவதற்குள் எலிகளுக்கு வயதாகி, குடிக்கும் அளவே மாறிப்போகும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீல அட்டை எலிகளை முடித்துவிட வேண்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்க தீபாவுக்கு வருடமும் இல்லை. அவள் "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். நோட்டை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"மூர்த்தி, வாயுப் பெட்டியக் கழுவி வைங்க. பாட்டில்லாம் அப்படியே இருக்கட்டும், இனி எடை போட வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியைக் கழுவும் அறையில் உட்கார்ந்திருந்தேன். எலிகளை வலியில்லாமல் கொல்வதற்கான கண்ணாடிப் பெட்டி அது. பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர். காதர் பாய் ஏணி மேல் நின்று ஏசிக் குழாயில் ஸ்குரு முடுக்கிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தார்.

"பேஜாரு புடிச்ச பில்டிங்குப்பா! திங்கக்கெழமலேர்ந்து பக்கத்து மனைல அடுக்குமாடிக்கு பூமிக்குள்ள கம்பம் எறக்குறேன்னு சொவத்தையே இடிச்சிக்கினு கீறானுங்க. மத்தியானம் ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் தொம்மு தொம்முனு. நான் ஒரு ஸ்குரு முடுக்கினா அவன் ரெண்டு கழட்டுறான்!"

தொம் என்று ஒரு சத்தம். தொட்டித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது.

நான் அந்த அலையையே பார்த்தேன். அடுத்த தொம். அடுத்த அலை. மத்தியானத்திலிருந்து மாலை வரை. நான் எடை போடுவதோ மறுநாள் காலை பத்து மணிக்கு. அதற்குள் உமி காய்ந்துவிடும்.

"பாய், அந்தச் சொவத்துக்கு அந்தாண்ட எந்த ரூம்?"

"உன் எலி ரூம்தான்யா. இன்னா, வெளுத்துட்ட?"

எலிகள் மாறவில்லை. பாட்டில்கள்தான் ஒழுகியிருக்கின்றன. எனக்கு வந்த சந்தோஷம் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த யோசனை கெட்டிக்காரத்தனமானது: மேடத்திடம் போய் 'சுவர் ஆடுது மேடம்' என்று மட்டும் சொல்லலாம், காலண்டர் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? மேடம் நோட்டைத் திறப்பார். காலிக் கூண்டு கால் கிராம் என்று இருக்கும். 'ஒழுகலையே மூர்த்தி' என்பார். இருபது எலிகளும் ஒரு பெண்ணின் படிப்பும் வெளியே வர ஒரே ஒரு கதவு இருந்தது. அதை என் கையெழுத்துதான் சாத்தி வைத்திருந்தது.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்கிட்டயே கால் கிராம்னு பொய் சொல்லிக்கீற நீ. போ. போய் சொல்லு. நிக்காத."

கையைத் துடைக்காமலே மேடத்தின் அறைக்குப் போனேன். தீபாவும் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மேடம், நோட்டுல காலிக் கூண்டுக்கு நான் எழுதினது பொய். நெஜம் இதுல இருக்குது." மூன்று தாள்களையும் மேசையில் வைத்தேன். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. தீபா எடுத்துப் பார்த்தாள். பிறகு மற்ற இரண்டையும் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஏன் மூர்த்தி?" என்றார் மேடம்.

"எலியே இல்லாத கூண்டுல சாராயம் கொறஞ்சா, நான் குடிச்சேன்னு நெனப்பீங்கன்னு…"

"அண்ணா!" தீபா கத்திவிட்டாள். "முக்கால்வாசி தண்ணி அது! ரெண்டு கிராம்! அதக் குடிச்சு யாருக்குண்ணா ஏறும்?"

"எலிக்கு ஏறுதேம்மா," என்றேன்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. சுவர், கம்பம் இறக்கும் இயந்திரம், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். "வாங்க, பாக்கலாம்."

மூன்று பேரும் காலிக் கூண்டின் முன்னால் குனிந்து நின்றோம். ஏசி ஓடும் சத்தம் மட்டும். இயந்திரம் நின்றுவிட்டதோ, இன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்களோ என்று எனக்கு வியர்த்தது. தொம். ஒன்றும் நடக்கவில்லை. தொம். சாராய பாட்டிலின் குழாய் நுனியில் ஒரு துளி பெரிதாகித் தொங்கியது. மூன்றாவது தொம்முக்கு அது உமியில் விழுந்தது.

"மறுபடி," என்றார் மேடம், மிஷினிடம் சொல்வது போல. மறுபடி விழுந்தது. தண்ணீர் பாட்டிலும் சொட்டியது. சாராய பாட்டில் அதைவிடச் சீக்கிரம். "சாராயம் கலந்தா சுலபமா நழுவும்," என்று தீபா முணுமுணுத்தாள். பிறகு கதவுப் பக்கத்து ரேக்குக்கு ஓடிப்போய் அங்கிருந்த காலிக் கூண்டைப் பார்த்தாள். அங்கே துளி அசையவே இல்லை.

மேடம் நிமிர்ந்து முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். "என் தப்பும் இருக்கு. ஒரே வகை எலிய எல்லாம் ஒரே ரேக்குல வெச்சது நான்தான். சொவர் ஆடினா ஒரு கூட்டத்துக்கு மட்டும்தானே அடிபடும்?" இன்று உங்கள் ரேக்குகளில் மஞ்சளும் நீலமும் கலந்து இருப்பது அன்றிலிருந்துதான். அட்டையைக் கழற்றாமல் எலியோடு சேர்த்தே நகர்த்துவதும் அன்றிலிருந்துதான்.

பிறகு என்னைப் பார்த்தார். "சீட்டுல இருக்கறத நான் நம்பறேன் மூர்த்தி. ஆனா நோட்டுல ஏத்த மாட்டேன். அந்த மூணு நாளும் கணக்குல கிடையாது." நோட்டைக் கொடுத்து, நான் எழுதிய மூன்று கால் கிராமையும், எண் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடிக்கச் சொன்னார். பக்கத்தில் 'எடை போட்டதை எழுதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது வரை படித்ததில் அவ்வளவு கஷ்டமான வாக்கியம் நான் எழுதியதில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. எனக்கு அதெல்லாம் பெரிதாகவே படவில்லை. அன்று மாலை கழுவிய வாயுப் பெட்டியைத் துடைத்து, உறை போட்டு, ஸ்டோர் மேல்தட்டில் ஏற்றி வைத்தேன். ஏணியிலிருந்து இறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேலும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

உங்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். நோட்டில் எழுதப் பயமாக இருக்கும் எண் ஒன்று என்றைக்காவது வரும். நீங்கள் குடித்ததாக, திருடியதாக, தூங்கியதாக அது காட்டும். அதை முதலில் எழுதுங்கள். பயத்தைப் பிறகு படலாம். அது எங்கேயும் போய்விடாது, எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெறும் வரை தினமும் காலிக் கூண்டிலிருந்துதான் எடை போடத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலை காதர் பாயும் நானும் ரேக்கைச் சுவரைவிட்டு நடு அறைக்கு இழுத்து, காலுக்கடியில் ரப்பர் வைத்தோம். எலிகள் மாறவே இல்லை என்பது அடுத்த வாரமே தெரிந்தது. நீல அட்டைகள் பழையபடி சாராயத்தைச் சீண்டாமல் தண்ணீர் பக்கம் போயின. தீபா தன் ஆராய்ச்சியை அதே எலிகளோடு முடித்தாள்.

ரேக்கை நகர்த்திய மறுநாள், ஞாயிறென்றும் பாராமல் பத்து மணிக்குப் போய் காலிக் கூண்டின் பாட்டிலை எடுத்துத் தராசில் வைத்தேன். ஒரு முறை, துடைத்துவிட்டு இன்னொரு முறை. கதவு திறந்தது. ரப்பர் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் காதர் பாயும் வந்திருந்தார்.

"இன்னா மூர்த்தி, லீவுல போனவரு எவ்ளோ குடிச்சாரு?"

"கால் கிராம் பாய்."

அவர் நேராக உள்ளே வந்து, என் தோளுக்கு மேலாகத் தராசின் எண்ணைத் தானே படித்துப் பார்த்தார்.

"ஆமாம்ப்பா," என்றார். "ஆளு திருந்திட்டாரு."